என் கையால் போடும் ஒரு பல்பு

தம்பிக்கு, ஆலங்குடியிலிருந்து அப்பா எழுதுவது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் நீ அதை முடித்துவிடுகிறாய். "சரிப்பா, புரியுதுப்பா, நான் பாத்துக்கிறேன்ப்பா" என்று வரிசையாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுவாய். இந்த விஷயத்தை நீ பாதியில் புரிந்துகொள்ளக் கூடாது. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். படித்து முடிக்கும்வரை கோபப்படாதே. முடித்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் படு, நான் கேட்டுக்கொள்கிறேன்.

நீ ஜெர்மனிக்குப் போகப்போவதை டீக்கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். என்ன வேலை என்று கேட்டார்கள். பெரிய பெரிய ஊர்களுக்குக் கரன்ட்டை மிச்சம் பிடித்துக் கொடுக்கிற வேலை என்றேன். ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில் விளக்கு தானே மங்கிக்கொள்ளும், அடுக்குமாடி வீடுகளில் மோட்டாரும் லிஃப்டும் கார் சார்ஜரும் ஒரே நேரத்தில் இழுக்காமல் முறை வைத்து ஓடும், பகல் வெயிலைப் பிடித்து வைத்து ராத்திரிக்குக் கொடுக்கும் என்று நீ எனக்குச் சொன்னதை எல்லாம் நானே கண்டுபிடித்த மாதிரி அளந்தேன். "அது நம்ம ஊருக்கு எப்ப வரும்?" என்றார் கடைக்காரர். "எங்க வீட்டுக்கு வந்துருச்சு, ஊருக்கு மெதுவா வரும்" என்றேன். பெருமைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை என்று தெரிந்துகொள்.

போவதற்கு முன் ஒரு வாரம் இங்கே வந்து இருக்கப்போவதாகச் சொன்னாய். "மிச்சம் இருக்கிறதையும் ஆட்டோமேட்டிக் ஆக்கிட்டுப் போயிடுறேன்ப்பா. அப்புறம் நீங்க ஒரு சுவிட்சத் தொட வேணாம். எல்லாத்தையும் நான் அங்கிட்டு இருந்தே பாத்துக்கிருவேன்." அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை எழுத வைத்தது. உன் போனில் ஒரு கோடு ஓடுகிறதே, நம் வீட்டில் எந்த நேரத்தில் எவ்வளவு கரன்ட் ஓடுகிறது என்று காட்டுகிற கோடு, அதை நம்பித்தான் நீ விமானம் ஏறப்போகிறாய். தம்பி, அந்தக் கோடு ஒரு தடவை உன்னை ஏமாற்றியிருக்கிறது. நானும் அதோடு கூட்டுச் சேர்ந்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இத்தனை பீடிகை.

நம் வீட்டில் இதெல்லாம் எங்கே தொடங்கியது என்று உனக்கு மறந்திருக்காது. கஜா புயல் அடித்த வருடம் நீ பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்த புதுசு. பஸ் வந்த மட்டும் வந்து, மீதித் தூரத்தை விழுந்து கிடந்த தென்னைகளைத் தாண்டித் தாண்டி நடந்தே வந்தாய். ஒரு கம்பம் பாக்கியில்லை. கரன்ட் வரப் பல வாரம் ஆனது. டிராக்டரில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வீடு வீடாக வந்து மோட்டாரை ஓட்டித் தொட்டி நிரப்பிக் கொடுத்தார்கள். மாதா கோயில் வாசலில் ஓடிய ஜெனரேட்டரில் ஊர்ப் போன்கள் எல்லாம் குவியலாகக் கிடந்து சார்ஜ் ஏறின. பக்கத்து வீட்டு செசிலி அத்தைதான் அங்கே உட்கார்ந்து எந்தப் போன் யாருடையது என்று பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் ஒரு மத்தியானம் கரன்ட் வந்தது. எந்தச் சுவிட்ச் போட்டிருக்கிறது, எது அணைத்திருக்கிறது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. ஃபேன், டிவி, மிக்சி, மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கின. உன் அம்மா அறை அறையாக ஓடி ஒவ்வொன்றாக அணைத்தாள். "வந்துருச்சுங்க, வந்துருச்சுங்க" என்று சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். தொட்டி நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்ற நீ, "ஏம்ப்பா, இம்புட்டு வெயில் நம்ம தலைக்கு மேலயே அடிக்குது, நாம எதுக்கு இத்தன நாளாக் கம்பத்தையே பாத்துக்கிட்டு நின்னோம்?" என்றாய். அன்றைக்கு நீ கேட்டதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருடம் நீ கம்பெனி மாறி இந்த வேலைக்குள் போனபோதுதான் அந்தக் கேள்வி உன்னை விடவில்லை என்று தெரிந்தது.

அம்மா இருக்கும்போதே மொட்டை மாடியில் சோலார் பலகைகள் ஏறிவிட்டன. அவளுக்கு அதில் ஒரே ஒரு வருத்தம். "நல்ல வெயில் அடிக்கிற எடத்தை எல்லாம் ஒம் மகன் பலகை பிடிச்சுக்கிச்சு, நான் வடகத்தை எங்கிட்டுக் காயப்போட?" என்பாள். நீ நல்லது செய்தால் அவள் மகன், அவளுக்கு இடைஞ்சலாக ஏதாவது செய்தால் என் மகன். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அவள் போன பிறகு வந்தவை. காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பியதும் நீ மட்டும் தங்கி, ஒயரும் கையுமாகவே திரிந்தாய். அழுதிருக்கலாம். நீ வேலை செய்தாய். நானும் தடுக்கவில்லை, உனக்கு அதுதான் ஆறுதல் என்று விட்டுவிட்டேன்.

அப்படித்தான் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானே ஓடத் தொடங்கியது. காலையில் தென்னங்கன்றுகளுக்குச் சொட்டுநீர் தானே திறந்துகொண்டது. நான் எழுந்திருக்கிற நேரத்துக்கு ஹீட்டர் தானே வெந்நீர் போட்டது. பொழுது சாய்ந்தால் வாசல் லைட் தானே எரிந்தது. குண்டு பல்புகளை எல்லாம் கழற்றி, "இதெல்லாம் கரன்ட் தின்னிப்பா" என்று சொல்லி எல்.இ.டி. மாட்டினாய். அதில் வாசலில் இருந்த ஒரு குண்டு பல்பை மட்டும் நான் துணி சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கோடு. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு, "நேத்து ராத்திரி ஃபிரிட்ஜ் கதவச் சரியா மூடலையாப்பா? ரொம்ப இழுத்திருக்கே" என்று கேட்பாய். மூன்று மணிக்கு மேல் வெயில் கரன்ட் இறங்கினால் அது மேகமா, மேற்கே இருக்கும் தென்னையின் நிழலா என்றுகூட உனக்குத் தெரியும். செசிலி தன் பேட்டரி ஸ்கூட்டரைச் சாயங்காலம் சார்ஜ் போடுவதைக் கேள்விப்பட்டு, "அத்தை, மத்தியானம் எங்க வீட்டுல வந்து போடுங்க, வெயில் சும்மாதான் போகுது" என்று நீதான் ஏற்பாடு செய்தாய். கேமரா வைக்கட்டுமா என்று கேட்டபோது மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. தனியாக இருக்கிற கிழவனுக்கு வேட்டி நழுவினால் அது அவன் பாடாக இருக்கட்டும். வெளியே இப்படிச் சலித்துக்கொண்டாலும், மகன் எங்கோ இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது உள்ளுக்குள் பிடித்திருந்தது. ஏனென்றால் ஒரு காலத்தில் நானும் உங்களை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருந்த வருடங்கள் உனக்குக் கொஞ்சம் நினைவிருக்கும். பேசினால் காசு போய்விடும் என்பதால் வாரத்தில் ஒரு நாள்தான் பேச்சு. மற்ற நாளெல்லாம் மிஸ்டு கால். இங்கே விளக்கு வைக்கிற நேரத்தில் வாசல் லைட்டைப் போட்டுவிட்டு, அந்தக் கையோடு உன் அம்மா எனக்கு ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணுவாள். அப்போது அங்கே எனக்கு வேலை முடிகிற நேரம். ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில், அனல் அடிக்கிற மிஷின்களுக்கு நடுவில் நிற்பேன். சட்டைப்பையில் போன் ஒரு தடவை துடித்து அடங்கும். எடுக்க மாட்டேன், எடுக்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. வீட்டில் லைட் எரிகிறது, நீ பள்ளிக்கூடம் விட்டு வந்துவிட்டாய், எல்லாரும் நலம் என்று அர்த்தம். அந்த ஒரு துடிப்புக்காகத்தான் நான் பகல் முழுக்க நின்றேன் என்று சொன்னால் இப்போது உனக்குச் சிரிப்பு வரலாம்.

ஒரு லீவுக்கு வந்திருந்தபோது சாப்பாட்டு நேரத்தில் நீ, "அப்பா, நான் ஆஸ்பத்திரில இருந்தப்ப ஊசி போட்டதுக்கு அழவே இல்ல, தெரியுமா?" என்றாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை. விசாரித்தால், உனக்கு விஷக் காய்ச்சல் வந்து புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருக்கிறார்கள். டாக்டரே கொஞ்ச நேரம் பயந்துபோயிருக்கிறார். ஆனால் அந்த நாட்களிலும் எனக்கு மாலை தவறாமல் ரிங் வந்ததே என்றேன். உன் அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனைச் செசிலியிடம் கொடுத்து, "வெளக்கு வைக்கிற நேரத்துல லைட்டப் போட்டுட்டு ஒரு ரிங் விட்டுரு" என்று சொல்லிவிட்டு உன்னைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள்.

நான் சாப்பாட்டை விட்டு எழுந்துவிட்டேன். என் பிள்ளை சாகப் பிழைக்கக் கிடந்தபோது நான் ரூமில் கேரம்போர்டு ஆடிக்கொண்டிருந்திருக்கிறேன். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. ரொம்பக் கத்தினேன். அவள் கத்தவில்லை. "சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? பாஸ்போர்ட்டு கம்பெனி கையில, ஓடி வந்திருப்பீங்களா? வர முடியாத மனுசனுக்கு எதுக்குச் சொல்லணும்? ஒங்க தூக்கத்துக்குத்தான் ரிங் விடச் சொன்னேன்" என்றாள்.  ஆனாலும் திரும்பிப் போவதற்கு முன் அவளிடம் ஒரு சத்தியம் வாங்கினேன். எல்லாம் நலமாக இருந்தால் மட்டும்தான் ரிங். நலம் இல்லை என்றால் ரிங் வரக் கூடாது. என்னால் வர முடிகிறதோ இல்லையோ, தெரியாமல் இருக்க மாட்டேன் என்றேன்.

அதற்குப் பிறகு நெடுநாள் ரிங் ஒழுங்காக வந்தது. ஒரு நாள் வரவில்லை. மொட்டை மாடியில் கருவிகளைப் பரப்பிப் போட்டபடியே காத்திருந்தேன். இருட்டியும் வரவில்லை. காசாவது மண்ணாவது என்று கூப்பிட்டேன். அவள் எடுத்ததும், "தம்பிக்கு என்ன?" என்றேன். "தம்பி நல்லா இருக்கான். எனக்கும் ஒண்ணுமில்லங்க. இன்னைக்கு என்னமோ காலையில இருந்து அழுகையா வருது. லைட்டப் போடக்கூட எந்திரிக்கல. பொய்யா ரிங் விட மனசு வரல" என்றாள். நான் அந்த மாடியில் உட்கார்ந்து அழுதேன் தம்பி. உடம்புக்கு ஒன்று என்றால் மருந்து வாங்கு என்று சொல்லலாம். இதற்கு நான் வருவதைத் தவிர வேறு மருந்து இல்லை. அந்த வேலை ஒப்பந்தம் முடிந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒரேயடியாக வந்துவிட்டேன். வராத ஒரு ரிங்தான் என்னை வீடு சேர்த்தது.

இனி நான் மறைத்த விஷயத்துக்கு வருகிறேன். பலகையில் தூசி படிந்தால் ஆள் வைத்துத் துடைக்கச் சொல்லியிருந்தாய். மெக்கானிக்காக இருந்தவனுக்கு மாடி ஏறத் தனியாக ஓர் ஆளா என்று நானே ஏறினேன். துடைத்து முடித்து இரும்பு ஏணியில் இறங்கும்போது ஈரக்கால் வழுக்கிவிட்டது. கீழே விழுந்ததில் வலது கணுக்கால் உடைந்தது. போன் சமையலறையில் இருந்தது. நான் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் அசைய முடியாமல் கிடந்தேன். கூப்பிட்டுப் பார்த்தேன், எதிர் வீட்டில் டிவி சத்தம். மத்தியானம் செசிலி ஸ்கூட்டரைச் சார்ஜ் போட வந்தாளோ பிழைத்தேன். வெயில் வீணாகக் கூடாது என்று நீ செய்த ஏற்பாடுதான் என்னைக் காப்பாற்றியது. அதை மறக்காமல் எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். மறுநாள் விடிந்ததும், காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருக்கிறேன், உன் மெசேஜ் வந்தது. "குட்மார்னிங்ப்பா. இன்னைக்கும் நேரத்துக்குக் குளிச்சிட்டீங்க போல, ஹீட்டர் ஓடிருச்சு." அதைப் படித்துவிட்டு எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் இங்கே கிடக்க, அங்கே வீடு எனக்காக வெந்நீர் போட்டு, கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டு, காலியான தொட்டியை நிரப்பி, பொழுது சாய்ந்ததும் வாசல் லைட்டையும் போட்டிருக்கிறது. சாயங்காலம் நீ கூப்பிட்டு, "வீடு நல்லா ஓடுதுப்பா" என்றாய். ஆமாப்பா என்றேன். "என்னப்பா அங்க ஒரே சத்தம்?" என்று கேட்டாய். டிவி என்று சொன்னேன். பிறகு வீட்டுக்கு வந்தும் வீடியோ காலில் உன்னிடம் முகத்தை மட்டும் காட்டிப் பேசினேன்.

தம்பி, அன்றைக்கு நான் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்திருந்தாலும் மறுநாள் காலையில் எனக்கு உன் குட்மார்னிங் வந்திருக்கும். உன்னைக் குத்திக் காட்ட இதை எழுதவில்லை.  நீ என்மேல் வைத்த பாசத்தில்தான் ஒவ்வொரு சுவிட்சாக என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாய். எல்லாவற்றையும் வாங்கிய பிறகு அந்தக் கோட்டில் வீடு மட்டும்தான் மிஞ்சியது, நான் இல்லை.

கஞ்சி கொண்டுவந்த செசிலி அந்த மெசேஜைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, கஞ்சியை டம்ளரில் ஊற்றி என் கையில் கொடுத்தாள். அப்புறம், "அன்னைக்கு அண்ணி சொன்னாங்கன்னு நான் ரிங் விட்டேன். அதுக்கு எங்கிட்ட எத்தன நாள் பேசாம இருந்தீங்க? இன்னைக்கு ஒங்க வீடே அந்த வேலயப் பாக்குது. ஒங்களுக்கு வந்தா ஒரு நியாயம், அவனுக்கு வந்தா ஒரு நியாயமாண்ணே?" என்றாள். பக்கத்துக் கட்டில்காரர் வேறு கேட்டுக்கொண்டிருந்தார். நான் கஞ்சியைக் குடித்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். உனக்கு ஜெர்மனி வேலை உறுதியானது அந்த வாரம்தான். உன் அம்மா, வர முடியாதவனுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்றாள். நீ வரக்கூடியவன், உடனே எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாய். அதனால்தான் சொல்லவில்லை. இப்போது நடக்கிறேன், கையில் ஒரு தடி இருக்கிறது, வரும்போது பார்த்துப் பதறாதே. பயணத்தை நிறுத்துகிற பேச்சும் வேண்டாம். நீ போக வேண்டும். போய் அந்த வேலையை நன்றாகச் செய்ய வேண்டும். கம்பத்தையே பார்த்துக்கொண்டு நின்ற ஊரிலிருந்து போகிறவன் நீ, உனக்கு அதன் அருமை தெரியும்.

ஒன்று மட்டும் யோசித்துக்கொண்டே செய். நீ ஏற்பாடு செய்து கொடுக்கிற பெரிய கட்டடங்களில் என் வயதுக்காரர்கள் எத்தனையோ பேர் தனியாக இருப்பார்கள். அவர்கள் பிள்ளைகளும் வேறு ஏதோ ஊரில் உட்கார்ந்து ஒரு கோட்டைப் பார்த்து நிம்மதியாகத் தூங்கப் போவார்கள். மிச்சம் பிடி, முறை வைத்து ஓட்டு, மங்க வேண்டிய விளக்கு மங்கட்டும். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சுவிட்சை அந்த மனிதர் கையிலேயே விட்டுவை. அவர் போட்டால் எரியட்டும், போடாவிட்டால் எரியாமல் இருக்கட்டும். உன் ஆபீசில் இதை எப்படிச் சொல்வாய் என்று எனக்குத் தெரியாது, நீ கெட்டிக்காரன், சொல்லிக்கொள்வாய்.

நம் வீட்டுக்கு இதுதான் என் கோரிக்கை. நீ வரும்போது வாசல் லைட்டை ஆட்டோமேட்டிக்கிலிருந்து எடுத்துவிடு. எல்.இ.டி. எரிவது உன் கோட்டில் தெரியவே தெரியாது, ஃபிரிட்ஜ் இழுப்பதில் அமுங்கிப்போகும் என்று நீதான் ஒருமுறை சொன்னாய். அதனால் பரணில் இருக்கிற உன் அம்மாவின் குண்டு பல்பை எடுத்து அங்கே மாட்டு. ஊருக்கெல்லாம் குண்டு பல்பை ஒழிக்கிறவன் வீட்டு வாசலில் குண்டு பல்பா என்று உனக்கு வாய் வரைக்கும் வரும். அது வெளிச்சத்தைவிடச் சூட்டைத்தான் அதிகம் தரும் என்று எனக்கும் தெரியும். போகட்டும், மற்றதில் எல்லாம் நீ மிச்சம் பிடித்ததில் இந்த ஒன்றை நான் செலவழித்துக்கொள்கிறேன். விளக்கு வைக்கிற நேரத்தில் நான் எழுந்து போய் என் கையால் போடுவேன். உன் கோட்டில் ஒரு சின்னப் படி ஏறும். அது வீடு இல்லை, நான்.

செசிலியிடமும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், நான் எங்கே கிடந்தாலும் அந்த லைட்டை அவள் தொடக் கூடாது என்று. "போடவே மாட்டேண்ணே, ஒரு தடவ வாங்கிக் கட்டிக்கிட்டது போதும்" என்றாள். அந்தப் படி ஏறாத நாளில் கூப்பிடு. உடம்புக்கு ஏதாவது இருக்கலாம். ஒன்றுமே இல்லாமல், உன் அம்மா நினைப்பு வந்து எழுந்திருக்க மனசில்லாமலும் உட்கார்ந்திருக்கலாம். எதுவானாலும் கூப்பிடு, மறைக்க மாட்டேன்.

உனக்கும் அங்கே பொழுது சாயும், தம்பி. வேலை முடிந்து ரூமுக்கு வந்து லைட்டைப் போட்டதும் அந்தக் கையோடு எனக்கு ஒரு ரிங் விடு. நான் எடுக்க மாட்டேன், நீ பேசவும் வேண்டாம். சட்டைப்பையில் ஒரு தடவை துடித்தால் எனக்குப் போதும். ஆனால் மனசு சரியில்லாத அன்றைக்குப் பொய்யாக ரிங் விடாதே. நான் கூப்பிடுகிறேன்.

உன் அப்பா.